புளியமரத்தின் மேல் விரித்த சிறகு

எங்கள் பக்கத்தில் விளக்கைத் தேடி வருகிற மெல்லிய சிறகுப் பூச்சி எதுவானாலும் அதன் பெயர் ஈசல். மழை விட்ட மாலையில் புற்றைத் திறந்துகொண்டு கிளம்புவது ஈசல். கோமுகி ஆற்றோரத்து விளக்கின் கீழே காலையில் சருகுபோலக் குவிந்து கிடப்பதும் ஈசல். கள்ளக்குறிச்சியில் ஆரம்பப்பள்ளி ஆசிரியையாக இருக்கிற நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியூர்க் கல்லூரியில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்த என் மகள், ஒரு விடுமுறையில் இரண்டையும் பொறுக்கி வந்து எவர்சில்வர் தட்டில் அருகருகே வைத்தாள்.

“றெக்கைய மட்டும் பாரும்மா. மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்.”

ஈசலுக்கு நான்கு சிறகும் ஒரே அளவு. அவற்றை முதுகின் மேல் படுக்கவைத்திருந்தது. தொட்டதும் ஒன்று கழன்று விரலோடு வந்துவிட்டது. மற்றதோ செத்துக் கிடந்தபோதும் சிறகுகளை முதுகுக்கு மேலே நேராக நிறுத்தி, கைகூப்பிக் கும்பிடுவதுபோல ஒட்டி வைத்திருந்தது. முன்சிறகு பெரியது, முக்கோணமானது. பின்சிறகைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வெட்டியெறிந்த நகத்துணுக்கு அளவில் முன்சிறகின் அடியில் ஒளிந்திருந்தது. உடம்பைவிட நீளமாக மயிரிழை போன்ற வால்கள். “இது மேஃப்ளை. தமிழ்ல ஒருநாள் பூச்சின்னு சொல்றாங்க” என்றாள்.

பிறகு லென்ஸைக் கையில் கொடுத்தாள். அந்தச் சிறகு தட்டையாகவே இல்லை. ஒரு நரம்பு மேட்டில் ஓடியது, அடுத்தது பள்ளத்தில், அதற்கடுத்தது மறுபடியும் மேட்டில். புடவைக் கொசுவத்தை விரித்துப் பிடித்தால் எப்படியிருக்கும், அப்படி. அந்த மடிப்புதான் வெங்காயச் சவ்வைவிட மெல்லிய ஒன்றைக் காற்றில் விறைப்பாக நிறுத்துகிறதாம். நான் இத்தனை வருடம் புடவை கட்டுகிறேன், கொசுவம் எதையாவது தாங்கி நிறுத்தும் என்று யோசித்ததில்லை. அன்று சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

அவளுடைய ஆய்வு, கல்வராயன் மலையில் ஓடும் ஓர் ஓடையில் எத்தனை வகை மேஃப்ளை இருக்கிறது என்பது. சிறகை வைத்துத்தான் பிரிப்பாள். பின்சிறகே இல்லாதவை ஒரு பக்கம். அது இருந்தால் அதன் வடிவம் என்ன, மேல்விளிம்பில் முள் போல ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பாள். அப்புறம் முன்சிறகின் வெளியோரம். அங்கே பெரிய நரம்புகளுக்கு நடுவில், எதிலும் ஒட்டாமல், கமாக்குறி அளவில் குட்டி நரம்புகள் நிற்கும். அவை இரண்டிரண்டாக நின்றால் ஒரு வகை, ஒற்றையாக நின்றால் வேறு வகை. அந்த ஓடையில் ஒரு பூச்சி மட்டும் அவளுக்குப் பிடிகொடுக்காமல் இருந்தது. அதன் தெளிந்த சிறகு அவளுக்குக் கிடைக்கவேயில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நீரைவிட்டுச் சிறகோடு வெளியே வருகிறதே, அது இந்தப் பூச்சியின் முடிவான உருவம் இல்லை. அப்போது சிறகு சுண்ணாம்புத் தண்ணீர்போல மங்கி, ஓரமெல்லாம் பூனைமயிரோடு இருக்கும். நரம்பைச் சரியாகப் பார்க்க முடியாது. எங்கேயாவது ஒதுங்கி உட்கார்ந்திருந்து, இன்னொரு முறை தோலுரிக்கும். சிறகின் மேல் இருக்கும் தோலையும் சேர்த்து உரிக்கும். சிறகு முளைத்துப் பறந்த பிறகும் தோலுரிக்கிற பூச்சி உலகத்தில் இது ஒன்றுதானாம். அதற்குப் பிறகே சிறகு கண்ணாடியாகும். ஆண்பூச்சியை வைத்துத்தான் வகையை உறுதியாகச் சொல்ல முடியும், அதன் கண்ணாடிச் சிறகைக் கண்டால்தான் ஒப்புக்கொள்வேன் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஓடை கலங்கிவிடும். அதற்குள் கிடைக்காவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கென்று தனிப் பங்கு வேண்டும் என்று எங்கள் தென்னாற்காட்டுக் கிராமங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. என் வகுப்புப் பிள்ளைகளின் தகப்பன்மார் பலர் அதில் இருந்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. ஆனால் அந்தக் கோடையில் உளுந்தூர்பேட்டைச் சாலையில் நான் வந்த பேருந்தின் முன்கண்ணாடியில் ஒரு கல் விழுந்தது. எறிந்தது யார், எதற்கு என்று இன்றுவரை தெரியாது. எனக்குக் காயம் இல்லை. வீட்டுக்கு வந்து தலையை அவிழ்த்தபோது கொண்டையிலிருந்து கண்ணாடித் துணுக்குகள் உதிர்ந்தன. அதற்குப் பிறகு யார் வீட்டிலோ டம்ளர் உடைந்தால்கூட எனக்கு உடம்பு தூக்கிப்போடும். இதை எழுதுகிற இந்த நாளிலும் அது போகவில்லை.

இந்த நிலையில் மகள் தனியாக மலைக்குப் போகிறேன் என்றால் விடுவேனா? அவள் அப்பாவுக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை, லீவு கிடைக்காது. காலாண்டு விடுமுறை என்பதால் நான் கிளம்பினேன்.

“நீ வந்து இன்னா பண்ணப் போற? அங்கியும் பாத்துப் போ, பாத்துப் போன்னு சொல்லிக்கினே இருப்ப.”

“சொல்லிக்கினேதான் இருப்பேன். உனுக்கு இன்னா நஷ்டம்?”

“பூச்சிங்கல்லாம் பயந்து ஓடிடும்மா.”

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலையூர்ப் பள்ளியில் என்னோடு பயிற்சி முடித்த தோழி வேலை பார்த்தாள். அவள் குடியிருப்பில் தங்கினோம். மாலையில் ஓடைக்கரையில் இரண்டு செடிகளுக்கு நடுவே என் கணவரின் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் முன் அரிக்கேன் விளக்கை வைத்தாள் மகள். வெயில் தாழ்ந்ததும் தண்ணீருக்கு மேலே ஆண்பூச்சிகள் கூட்டமாக ஆடத் தொடங்கின. செங்குத்தாக மேலே ஏறுவது, சிறகை அசைக்காமல் அப்படியே இறங்குவது, மறுபடி ஏறுவது. கடைசி வெளிச்சம் பட்டபோது சிறகுகள் மட்டும் மின்னின, உடம்பு தெரியவில்லை. ஒரு சத்தம் இல்லை. என் ஆயுளில் பார்த்த எந்தத் திருவிழாவும் அவ்வளவு அமைதியாக நடந்ததில்லை.

ஆடியவை எல்லாம் அவள் ஏற்கெனவே அறிந்த வகைகள். தேடி வந்தது இரண்டாம் நாள் மாலையில்தான் வேட்டியில் வந்து உட்கார்ந்தது, மங்கின சிறகோடு. அதைக் கையால் தொடாமல் பிளாஸ்டிக் டம்ளருக்குள் ஏறவிட்டு, நான் தைத்துக் கொடுத்த கொசுவலை மூடியைப் போட்டு, உள்ளே ஈர இலை ஒன்றை வைத்தாள். அப்படி நாலைந்து டம்ளர்கள் அறையின் மூலையில் நின்றன.

“யாரும் அத்த ஆட்டாதீங்க. பாதி உரிக்கறப்ப பயந்துச்சின்னா அப்டியே செத்துடும்.”

கவலைக்காரிக்குத் தூக்கம் ஏது? விடியும் முன்பே எழுந்து டம்ளர்களின் எதிரே உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் அது எனக்குக் கிடைத்தது. வெளுத்து வந்த நேரம், ஒரு டம்ளரில் பூச்சியின் முதுகு மெல்லப் பிளந்தது. முதலில் தலை. தலைப்பாகை கட்டியதுபோல மேலே எழும்பிய கண்கள். பிறகு கால்கள். கடைசியில் சிறகுக்குள்ளிருந்து சிறகு உருவிக்கொண்டு வந்தது. தலையணையை உறையிலிருந்து இழுப்பதுபோல என்றால், அந்த உறை மூச்சுக்காற்றில் பறக்கும் உறை. மங்கின சட்டை வலையில் ஒட்டியபடியே நின்றது. அதன் பக்கத்தில் பூச்சி, தன்னிடம் சிறகு இருப்பதே வெளியே தெரியாத அளவுக்குத் தெளிந்துபோய் உட்கார்ந்திருந்தது.

மகளை எழுப்பினேன். பல்கூடத் துலக்காமல் லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

“ஒத்தம்மா… ஒத்த ஒத்தயா நிக்கிது. பின்றெக்கையும் கீது. முள்ளு கூட கீதும்மா!” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். என் தோழி காபியோடு வந்தவள், “இன்னாடி, யாருக்கு இன்னா ஆச்சி?” என்று பதறிப்போனாள்.

மற்ற டம்ளர்களில் பெண்பூச்சிகள்தான் இருந்தன. தெளிந்த ஆண் அது ஒன்றே. எல்லாவற்றையும் ஸ்பிரிட் நிரப்பிய சிறு கண்ணாடிக் குப்பிகளில் போட்டு, பஞ்சில் பொதிந்து பையில் வைத்தாள்.

அன்று காலையே சாமை மூட்டை ஏற்றிய ஒரு ஜீப்பில் இறங்கினோம். கீழே என்ன நடக்கிறது என்பது மலையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. டிரைவர் இறங்கிப்போய் விசாரித்துவிட்டு வந்தார். “நேத்துல இருந்து மறியலாம்மா. மாவட்டம் பூரா மரம் வெட்டிப் போட்டுட்டாங்களாம். ஒரு வாரத்துக்கு எந்த வண்டியும் ஓடாதாம்.”

கள்ளக்குறிச்சிக்கு நடப்பது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது மகள்தான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முந்தின மாலை கீழே மழை பெய்திருந்தது. வெட்டுப்பட்ட கிளைகளின் பச்சை வாசனையும் ஈரமண் வாசனையுமாகச் சாலை கிடந்தது. அதில் ஒரு இரைச்சலும் இல்லாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இரண்டாவது மரத்தருகே பெருங்கூட்டம். அடிமரத்தைச் சுற்றிப் பாட்டில் துண்டுகள் சிதறிக் கிடந்தன. சாராய நெடி அடித்தது. கண்ணாடியைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது.

“மலையில இருந்தா வர்றீங்க?” என்று கேட்டபடி தலையில் துண்டு கட்டிய ஒருவர் வந்தார். கோஷம் போட்டுப் போட்டு அவருக்குக் குரல் கட்டியிருந்தது. அங்கே அவர் சொல்தான் நடந்தது.

“நீங்க எந்தத் தெருங்க?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி தெருவைப் பற்றியது இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

“அத்த எதுக்குடா கேக்கற? பையில இன்னா கீதுன்னு பாரு” என்று அவரை அதட்டிவிட்டு, குரல் கட்டியவர் என்னிடம் சொன்னார். “தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. போராட்டம் முடியறவரைக்கும் எவனும் சரக்கத் தொடக் கூடாதுன்னு கட்டுப்பாடு. மேல இருந்து வர்ற பையெல்லாம் பாத்துட்டுதான் வுடறோம். மலைச் சரக்கு இன்னா ஆட்டம் ஆட வைக்கும்னு உங்களுக்கே தெரியும்.”

தெரியும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பாட்டிலில் வேறு என்ன இருக்கும் என்று எங்கள் ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள். பையைத் திறந்த ஆள் ஒரு குப்பியின் மூடியைக் கழற்றி முகர்ந்தார்.

“அண்ணே, சரக்கேதான்!”

“உள்ளாற இன்னாடா மெதக்குது?”

“ஈசலு!”

கூட்டம் சிரித்தது. “ஈசல் சாராயம் காச்ச ஆரம்பிச்சிட்டானுங்களா மலையில?” என்றார் ஒருவர். “தொட்டுக்க தனியா வாணாம்டா, உள்ளாறவே போட்டு குடுக்கறான்” என்றார் இன்னொருவர். மழைக்கு மறுநாள் ஈசலை அரிசியோடு வறுத்துத் தின்னும் ஊர் எங்களுடையது. அவர்களுக்கு அது இயல்பாகவே தோன்றியது. சிரித்துக்கொண்டே அந்த ஆள் குப்பியை அடிமரத்துக்கு மேலே ஓங்கினார். அதற்குள்தான் அந்த ஆண்பூச்சி இருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மகளின் குரல் கேட்டது, உரக்கக்கூட இல்லை.

“அண்ணே, ஒரு நிமிசம். அது ஈசல் இல்லீங்க.”

“பின்ன இன்னா, மயிலா?”

அவள் குனிந்தாள். முந்தின மாலை மழைக்குக் கிளம்பிய ஈசல்களின் உதிர்ந்த சிறகுகள் சாலையெங்கும் ஒட்டிக் கிடந்தன. நாலைந்தைப் பொறுக்கி மரப்பட்டையின் மேல் வரிசையாக வைத்தாள். “இதாங்க ஈசல் றெக்க. எல்லாம் ஒரே அளவு, தட்டையா கீது. இப்ப இத்தப் பாருங்க” என்று லென்ஸைக் குரல் கட்டியவரிடம் நீட்டினாள். அவர் குப்பியை வாங்கி, ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார். கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது.

“டேய்… தகரக் கூர மாரி மடிச்சி மடிச்சி வச்சிகீதுடா” என்றார். பிறகு, “கீழ சின்னதா ஒண்ணு ஒட்டிக்கினு கீதே, அது இன்னா?”

“பின்றெக்கைங்க.”

“இத்தினியூண்ட வச்சிக்கினு அது இன்னா பண்ணும்?”

“தெரிலீங்க அண்ணே. ஆனா அது கீதா இல்லியான்னு பாத்துதான் இது யாருன்னு நாங்க சொல்றோம்.”

லென்ஸ் கைமாறிக்கொண்டே போனது. இதற்கு வாய் எங்கே என்று ஒருவர் கேட்டார். பறக்கத் தொடங்கிய பிறகு இதன் வாய் வேலை செய்யாது, தின்னாது, குடிக்காது என்றாள் மகள். “கேட்டியாடா? வாயில்லாதது சாராயத்துல முங்கிக் கெடக்குது. வாயிருக்கறவன் காஞ்சிபோய் நிக்கிறான்” என்று யாரோ சொல்ல, குரல் கட்டியவரே இருமிக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆனால் அவர் கட்டுப்பாட்டை விடவில்லை.

“பொய் சொல்லலன்னு தெரியுதும்மா. ஆனா இத்த வுட்டா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் பாட்டில்ல ஒரு பூச்சியப் போட்டு எடுத்துக்கினு வருவான். பூச்சி போவட்டும். தண்ணி போவக் கூடாது.”

மகள் கொஞ்சம் யோசித்தாள். ஸ்பிரிட்டைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் வீடு போய்ச் சேர்வதற்குள் ஊறிச் சிறகு கழன்றுவிடும். மற்றவை போனால் போகட்டும், அந்த ஒன்றின் சிறகை இங்கேயே கண்ணாடியில் ஏற்றிவிட வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். பைக்குள் இருந்த சிறு பெட்டியிலிருந்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிற மெல்லிய கண்ணாடிச் சில்லுகளை எடுத்தாள். சிறகை விரிக்கிற ஊசியை மலையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். என் தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன்.

“அண்ணே, கொஞ்ச நேரம் காத்து அடிக்காம நிக்கிறீங்களா?”

அத்தனை பேரும் தோளோடு தோள் ஒட்டி வட்டமாக நின்றார்கள். துண்டுகளை விரித்துப் பிடித்தார்கள். கோஷம் நின்றது. மூக்கைச் சுருக்கிய ஒருவரைப் பார்த்து, “தும்மன, மவனே, செத்த” என்று பக்கத்திலிருந்தவர் கிசுகிசுத்தார்.

அடிமரத்தின் வெட்டுமுகத்தில் கண்ணாடியை வைத்து, ஒரு சொட்டு ஸ்பிரிட்டில் அந்தச் சிறகை மிதக்கவிட்டாள். அது கசங்கிய நூலிழைபோலச் சுருண்டுதான் கிடந்தது. ஊக்கின் முனையால் ஓரத்தைத் தொட்டாள். தொட்டதும் விரிந்தது. மேடும் பள்ளமுமாக ஒவ்வொரு நரம்பும் அதனதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கை ஒரு இழைகூட ஆடவில்லை. நான் பெற்ற பெண்ணின் கையா இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்து அந்த நகத்துணுக்கு, பின்சிறகு. முன்சிறகின் கீழே அதற்குரிய இடத்தில் அதை நிறுத்தினாள்.

“ம்மா, மேல் கண்ணாடிய நீதான் வைக்கணும். எனக்கு ரெண்டு கைக்கும் வேல கீது.”

“என்னால முடியாதுடி.”

“நடுங்கினாலும் பரவால்ல. ஒரு ஓரத்த மொதல்ல வச்சிட்டு மெதுவா சாய்ச்சிடு.”

என் கையில் கண்ணாடி நடுங்கியது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. “மெதுவாங்கம்மா, மெதுவா. அவசரமில்ல, ஒரு வாரத்துக்கு ரோடு நம்மளுதுதான்” என்றார் குரல் கட்டியவர். ஓரத்தை வைத்தேன். சாய்த்தேன். கண்ணாடி கண்ணாடியைத் தொட்டு ஒரு சிறு சத்தம் வந்தது. உள்ளே சிறகு அப்படியே இருந்தது.

ஒரு பக்கத்துச் சிறகுகள் ஒரு கண்ணாடியிலும், மறுபக்கத்தவை இன்னொன்றிலும் ஏறின. இரண்டாவதை வைக்கும்போது என் கை கொஞ்சம் அடங்கியிருந்தது. பிளாஸ்டரால் ஓரங்களை ஒட்டினாள். பிறகு மற்றக் குப்பிகளின் ஸ்பிரிட்டைக் குரல் கட்டியவரே, என் கொசுவலை வழியாக, ஒரு பூச்சியும் தவறிவிடாதபடி வடித்து மண்ணில் ஊற்றினார். அவர்கள் குடிக்க வைத்திருந்த குடத்திலிருந்து தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். எங்களுக்கும் ஆளுக்கொரு சொம்பு.

சைக்கிளில் ஒருவர் முன்னால் போனார். “பூச்சி டீச்சருங்க வர்றாங்க, பைய பாத்தாச்சி, வுடுங்கடா!” என்று அடுத்தடுத்த மரங்களில் சொல்லிக்கொண்டே போனார். அவர்கள் விட்டார்கள்தான். ஆனால் ஒவ்வொரு மரத்திலும் லென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டே விட்டார்கள். வீடு போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

அந்த வாரம் மாவட்டத்தில் உயிர்கள் போயின. வீடுகள் எரிந்தன. அதையெல்லாம் எழுதும் திடம் எனக்கு இல்லை. குரல் கட்டிய அந்த மனிதர் நல்லபடியாக வீடு திரும்பினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் ஊரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்தச் சாலையில் பேருந்து போகும்போதெல்லாம் ஓரத்து முகங்களில் தேடுகிறேன்.

தண்ணீரில் வந்தவை, மகள் சொன்னதுபோலவே சிறகு கழன்று போயின. கண்ணாடியில் ஏற்றியதுதான் தப்பியது. சாலைகள் திறந்ததும் ஒரு கண்ணாடியை அவள் கல்லூரிக்கு எடுத்துப்போனாள். பேராசிரியர் வெகுநேரம் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாராம். அவளுடைய வருடம் வீணாகவில்லை. மற்றது என்னிடம் இருக்கிறது.

மகள் மறுபடியும் மலைக்குப் போகப்போகிறாள். நான் வேண்டாம் என்கிறேன், அதேசமயம் புது வலைமூடிகளும் தைத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் அடுப்பை மூட்டுவதற்கு முன் அந்தக் கண்ணாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பேன். விரல் இப்போதும் நடுங்குகிறது. நடுங்கினால் சிறகின் மடிப்புகளில் வெளிச்சம் ஏறி இறங்குகிறது, அன்று ஓடையின் மேல் அவை ஆடியதுபோல. பிறகு லென்ஸை வைத்து வெளியோரத்துக் குட்டி நரம்புகளைப் பார்த்துக்கொண்டே போவேன். ஒற்றை. ஒற்றை. ஒற்றை.